நாயாற்றில் நான் பாதுகாத்த விமானம்

தனியாக இருக்கிறவர்கள் கடைசியில் எதனோடாவது கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். சிலர் பூனையோடு கதைப்பார்கள், சிலர் சாமிப் படத்தோடு. நான் ஓர் இராணுவ விமானத்தோடு கதைத்தேன். (இப்போதே சிரிக்க வேண்டாம். மிச்சத்தையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.)

ஐம்பதுகளின் பிற்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஆசிரியப் பயிற்சி முடித்த இளம்பெண்ணான எனக்கு, நாயாறு என்ற கடற்கரை ஊரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் முதல் நியமனம். தலைமை ஆசிரியர் தன் வீட்டு வளவிலேயே எனக்கோர் அறை தந்தார். அவருக்குக் கதைக்கப் பிடிக்காது; அவருடைய மனைவிக்குக் காது கேட்காது. மிகவும் ஒற்றுமையான குடும்பம். ஊரில் மற்றவர்கள் எல்லோரும் மீன்பிடிக்கிறவர்கள். பெண்கள் என்னைக் கண்டால் ஒரு சிரிப்பைத் தந்துவிட்டு ஒதுங்கி நிற்பார்கள். அதை மரியாதை என்று நினைத்து முதல் மாதம் பெருமைப்பட்டேன். இரண்டாம் மாதம் அந்த மரியாதையை யாராவது திருப்பி எடுத்துக்கொண்டு என்னோடு நாலு வார்த்தை கதைத்தால் போதும் என்றிருந்தது. பின்னேரங்களில் கடல் இரைச்சலைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் கரைவலையில் விமானம் வந்தது. வலை கனத்ததைப் பார்த்து, பெரிய மீன்பாடு என்று ஊரே கூடி இழுத்ததாம். நான் போய்ச் சேர்ந்தபோது அது மணலில் கிடந்தது. ஒரு வள்ளத்தின் அளவுதான் இருக்கும். சிவப்பு இறக்கைகள். ஆள் இருக்க இடமே இல்லை. ஓட்டினவன் எங்கே என்று தேடி இரண்டு பேர் திரும்பவும் கடலில் இறங்கியிருந்தார்கள்.

தலைமை ஆசிரியர் அந்தப் பகுதியின் அரசாங்க அதிகாரியான டி.ஆர்.ஓ.வுக்கு அறிவித்தார். டி.ஆர்.ஓ. திருகோணமலைக் கடற்படைக்காரரைக் கேட்டறிந்து நேரில் வந்து விளக்கினார். பீரங்கி சுட்டுப் பழகுவதற்காக ஆளில்லாமல் பறக்கவிடுகிற விமானமாம். அந்த வகையை இப்போது கைவிட்டுவிட்டார்களாம். மற்றவை எல்லாம் சுடுபட்டுப் போக, முழுசாக மிஞ்சியது இது ஒன்றுதானாம். முகாம் வாசலில் காட்சிக்கு வைக்க விரும்புகிறார்கள், மழை விட்டுப் பாதை சரியானதும் வந்து ஏற்றுவார்கள் என்றார். ஊரில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரே ஆள் நான்.

"ரீச்சர், அரசாங்கச் சாமான். நீங்கள்தான் பாதுகாத்துத் தரவேணும்" என்றார்.

அதுவரை என்னை நம்பி ஒருவரும் ஒரு வாளியைக்கூடத் தந்ததில்லை. விமானத்தைப் பள்ளிக்கூட மண்டபத்தின் பின்பக்கம் ஏற்றி வைத்தார்கள். அன்று தொடங்கியது என் பாதுகாப்பு. உப்புப் போக நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பிறகு, வீட்டில் அம்மா குத்துவிளக்குத் துலக்குகிற முறையில், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன். சிவப்பு நிறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கையோடு வந்தது. அழுக்கு போகிறது என்று மகிழ்ந்தேன். வாலில் ஏதோ கறுப்பாக எழுதியிருந்தது. அதைப் போக்க மட்டும் மூன்று பின்னேரம் பிடித்தது. கறையான் வராமலிருக்க வேப்பெண்ணெய் பூசினேன். அதன்பின் கறையான் மட்டுமல்ல, பிள்ளைகளும் மண்டபத்தின் பின்பக்கம் வரவில்லை.

தேய்க்கிற கைக்குத் துணையாக வாயும் வேலை செய்யத் தொடங்கியது. முதலில் "இந்தப் பக்கம் நல்லாய் வந்திட்டுது" என்பது போல ஏதாவது சொல்வேன். பிறகு வீட்டிலிருந்து கடிதம் வரவில்லை என்றேன். பிறகு, இந்த ஊரில் ஒருவருக்கும் என்னைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றும் சொன்னேன். விமானம் பொறுமையாகக் கேட்டது. எத்தனையோ பீரங்கிகளைக் கேட்ட காது அல்லவா?

நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்துமசுக்கு, முந்திய கிழமை திரேசம்மா என்ற பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். நாலாம் வகுப்பு மெற்றில்டாவின் தாய். ஒரு பிளவுசை என் கையில் வைத்துவிட்டு, "பிள்ளையளுக்குத் தைச்சதிலை உங்களுக்கும் ஒண்டு" என்று சொல்லி ஓடிவிட்டாள். வழுவழுப்பான செம்மஞ்சள் துணி. முதுகுப்பக்கம் ஓரத்தில் ஒரு சாயக் கறை இருந்தது. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பரிசு அது. கறையையா பார்ப்பேன்? விமானத்திடம்கூடக் காட்டினேன்.

தை மாதம் ஒரு லொறியும் ஜீப்பும் வந்தன. டி.ஆர்.ஓ.வும் கடற்படை அதிகாரி ஒருவரும் இறங்கினார்கள். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை, டி.ஆர்.ஓ. வாயால் ஒரு நல்ல சொல் விழுந்தால் உதவும் என்று எதிர்பார்த்திருந்தேன். புதுப் பிளவுசைப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினேன். ஊரும் வந்து நின்றது.

அதிகாரி விமானத்தைச் சுற்றி வந்தார். மூக்கைத் தொட்டுக்கொண்டார். (வேப்பெண்ணெய்.) வாலடியில் குனிந்து, இலக்கம் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். அந்த இலக்கம் இருந்தால்தான் இது எந்த விமானம் என்று பதியலாமாம். அதை நான் சுத்தமாக்கிவிட்டேன் என்றேன். அவர் வாலை விட்டு நிமிர்ந்தார். பின்பக்கத்து மூடியொன்றைத் திறந்து பார்த்தார். உள்ளே வெறுமை. பரசூட் எங்கே என்று கேட்டார்.

இங்கேதான் எனக்குள் இருந்த விஞ்ஞான ஆசிரியை எழுந்தாள். பரசூட் என்பது மனிதர் குதிப்பதற்கானது, இது ஆளில்லாத விமானம், ஆகவே இதற்குப் பரசூட் இருக்க நியாயமில்லை என்று, பிள்ளைகளுக்கும் விளங்கட்டும் என்று, உரத்த குரலில் அவருக்கு விளக்கினேன்.

அதிகாரி மிகவும் மரியாதையானவர். பறந்து முடிந்ததும் விமானம் முழுவதும் பரசூட்டில்தான் இறங்கும் என்றார். பெரிய பரசூட், செம்மஞ்சள் நிறம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் இடையில் நின்றுவிட்டார். முன்வரிசைச் சிறுமிகள் எல்லோரும் செம்மஞ்சள் சட்டையில் நின்றார்கள். அவருடைய பார்வை அந்த வரிசை நெடுக நடந்து, என் பிளவுசின் கைமேல் வந்து முடிந்தது.

கூட்டத்துக்குள்ளிருந்து திரேசம்மா முன்னுக்கு வந்தாள்.

"ஐயா, ரீச்சருக்கு ஒண்டும் தெரியாது. வலையோட வந்த சீலை. அவா கடற்கரைக்கு வரமுதலே நாங்கள் வெட்டி எடுத்திட்டம். தண்டிக்கிறதெண்டால் எங்களைத் தண்டியுங்கோ."

டி.ஆர்.ஓ. அதை மொழிபெயர்த்தார். அவருடைய முகத்தில் என் வேலை போவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அப்போது அதிகாரி அவர் காதில் ஏதோ சொன்னார். டி.ஆர்.ஓ. தொண்டையைச் செருமினார்.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. ஒருக்கால் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்கோ."

என் முதுகில் இருந்தது சாயக் கறை அல்ல. விமானத்தின் இலக்கம் பரசூட்டிலும் அச்சடித்திருந்ததாம். அதில் முற்பாதி என் முதுகில். பிற்பாதியைத் தேடிப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் திருப்பிப் பார்த்து, கடைசியில் மெற்றில்டாவின் பாவாடை மடிப்பில் கண்டுபிடித்தார்கள். அவளை ஒரு வாங்குப் பலகையில் ஏற்றி என் பக்கத்தில் நிறுத்த, லொறியில் வந்த கடற்படையாள் ஒருவன் பென்சிலும் கையுமாக இலக்கத்தை எழுதிக்கொண்டான். எழுதும்போது இரண்டு தடவை பிழைவிட்டு அழித்தான். சிரிப்பை அடக்கியதால்தான்.

அதிகாரி துணியைக் கேட்கவில்லை. பிள்ளைகள் போட்டுக் கிழிக்கட்டும், விமானத்துக்குத் திரும்பச் சிவப்புப் பூசலாம் என்றார். விமானத்தைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். டி.ஆர்.ஓ. என்னிடம் விடைபெறாமலே ஜீப்பில் ஏறினார்.

அன்று பின்னேரம் பழக்கதோஷத்தில் மண்டபத்தின் பின்பக்கம் போனேன். தரையில் எண்ணெய்ப் படலம் மட்டும் கிடந்தது. அவமானத்துக்கு அழுதேனா, விமானத்துக்கு அழுதேனா என்று இன்றைக்கும் தெரியாது. வாசலில் ஆள் அசைவு கேட்டு நிமிர்ந்தேன். திரேசம்மா, கையில் ஒரு சட்டியோடு.

"மீன் குழம்பு. சாப்பிடுங்கோ" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "இனி ஆரோட கதைக்கப்போறியள்?" என்று கேட்டாள்.

நான் கதைத்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன். தண்ணிக்குப் போய்வருகிற பெண்கள் எல்லோரும் வேலியோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்களாம். விமானத்துக்குள் ஓட்டினவன் ஒளித்திருக்கிறான் என்றுகூட முதலில் நினைத்தார்களாம்.

"கேட்டனீங்களெண்டால் ஏன் ஒருநாளும் உள்ளுக்கு வரேல்லை?"

"நீங்கள் படிச்ச ஆள். எங்களோட என்னத்தைக் கதைப்பியளெண்டு நினைச்சம்."

அவள் வாங்கில் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என்னத்தைக் கதைப்பது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. குழம்பு ஆறும்வரை அப்படியே இருந்தோம்.

கலியாணம் முடிந்ததும் இந்தக் கதையை என் கணவரிடம் சொன்னதுதான் நான் செய்த அடுத்த பிழை. அவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். பிள்ளைகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். இப்போது அவரும் இல்லை. பிள்ளைகளும் கடல் கடந்துவிட்டார்கள். மகள் தொலைபேசி எடுக்கும்போது சில நேரம் நான் அடுப்போடு ஏதாவது கதைத்துக்கொண்டு இருப்பேன். அது அவள் காதில் விழுந்துவிடும்.

"ஆரம்மா பக்கத்திலை? பிளேனோ?"

ஓம், அதுதான் என்பேன். அவள் சிரித்து முடிக்கும்வரை தொலைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு இருப்பேன்.