தினம் ஒன்று, உணவுக்குப் பின்

மாத்திரை பேரீச்சங்கொட்டை அளவு இருந்தது. அதை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரை மட்டும் விழுங்கிவிட்டு, பிழைதிருத்துபவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

“முழுங்கியாச்சா?”

“ம்.”

“வாயைத் திறந்து சொல்லுங்க.”

நல்லவேளை, தொலைபேசி மணி அடித்தது. அவள் அந்தப் பக்கம் போக, இவர் சமையலறைக் குப்பைக்கூடைப் பக்கம் போனார்.

அச்சகத்தில் பிழை திருத்துவது அவர் வேலை. காலையில் நாற்காலியில் அமர்ந்தால் சாயங்காலம்தான் எழுவார். கொஞ்ச நாளாக மாடிப்படி ஏறினால் மூச்சு இரைத்தது. பாதிப் படியில் நின்று, கைப்பிடிச் சுவரில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பதுபோல நடிப்பார். மனைவி கண்டுகொண்டாள். மறுவாரமே சாப்பாட்டு மேசைமேல் சத்து மாத்திரைப் புட்டி ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

அவர் தொழில் புத்தியோடு புட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

“‘ஆரோகியம்’னு போட்டிருக்கான். ஒரு ‘க்’ காணோம். இலக்கணப்படி அரை மாத்திரை குறையுது, தெரியுமா?”

“அப்ப நீங்க முழு மாத்திரையா சாப்பிடுங்க. சரியாப் போயிடும்.”

விடுவாரா? மருந்துக் கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டார். “ரத்தம் பரிசோதிச்சு, எது குறையோ அதை மட்டும் சாப்பிடறதுதான் சார் முறை. தேவையில்லாம சாப்பிட்டா பாதி சாக்கடைக்குத்தான் போகும்” என்றார் அவர்.

இதை வெற்றியோடு வீட்டில் வந்து சொன்னார்.

“நல்லதாப் போச்சு. கிளம்புங்க, ரத்தம் எடுத்துட்டு வந்துடலாம்.”

ஊசி என்ற சொல்லை அச்சில் பார்த்தாலே அவருக்குக் கை வேர்க்கும். “எதுக்கும்மா வீண் அலைச்சல்? மாத்திரையே போதும்” என்று பின்வாங்கினார். எப்படியும் சாக்கடைக்குப் போகிற பொருளை ஏன் வயிறு வழியாகச் சுற்றி அனுப்ப வேண்டும், நேராகவே அனுப்பிவிடலாமே என்று தனக்குள் முடிவு செய்துகொண்டார்.

சமையலறைக் கூடை இரண்டே நாளில் காட்டிக்கொடுத்தது.

“ஏங்க, குப்பைக்கூடைக்கா பலம் வேணும்?”

அடுத்து, கைகழுவும் தொட்டி. மாத்திரை குழாய் வளைவில் சிக்கி ஊறி, தொட்டி முழுக்க ஆரஞ்சு நிறத் தண்ணீர் தேங்கி நின்றது. குழாய் வேலைக்காரர் கம்பியால் குத்தி எடுத்து, சாட்சிப் பொருளை மனைவி கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்குள் இனி ஆகாது என்று, கைக்குட்டையில் முடிந்துகொண்டு தெருமுனைத் தொட்டியில் போட்டார். தையல்காரர் பார்த்துவிட்டார். அன்று மாலையே, “தெருமுனை வரைக்கும் போய் என்னமோ பொட்டலம் போட்டீங்களாமே?” என்ற கேள்வி காத்திருந்தது. பூங்காவுக்குப் போனார். பூங்காக் காவலாளி சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் போனார். அங்கே நேரம் குறிக்கும் அம்மாள் சொல்லிவிட்டாள்.

மனைவியின் உத்தியோகம் அப்படி. மின்தடைப் புகார்களுக்குத் தொலைபேசியில் பதில் சொல்கிறவள். இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவளுக்குக் கடன்பட்டவர்கள்; ஊரில் பாதிப் பேர். ஆனால் அவள் ஒரு தடவைகூடச் சத்தம் போடவில்லை. “நாளைக்காவது முழுங்குங்க” என்று பெருமூச்சு விட்டதோடு சரி. அதுதான் அவரை வதைத்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

கடைசியில் ஆற்றுப்பாலம் தாண்டிப் போனார். அங்கே ஒரு பத்திரிகைக் கடை, வாசலில் மூடி போட்ட தொட்டி. கடைக்காரம்மா முன்பின் தெரியாதவள். ஒரு நாள் போட்டார், ஒரு வாரம் போட்டார். வீட்டில் பேச்சு மூச்சு இல்லை. காலையில் சீக்கிரம் எழுந்து, பாலம் கடந்து மாத்திரையைப் போட்டுவிட்டு, நடந்தே திரும்பி அச்சகம் சேர்வது வழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் அச்சக முதலாளி கேட்டார்: “என்ன சார், மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாண்டி வர்றீங்க?”

அவர் திடுக்கிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார். உண்மைதான், மூச்சு இரைக்கவே இல்லை. இடுப்புவாரில் புதிதாக ஒரு துளை போட வேண்டியிருந்தது. படுத்தால் தூக்கம் அடித்துப்போட்டாற்போல வந்தது.

“பார்த்தீங்களா, மாத்திரை வேலை செய்யுது” என்றாள் மனைவி.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியை ஏமாற்றுகிற பாவம் ஒரு பக்கம். மாத்திரையைப் பழித்த வெட்கம் இன்னொரு பக்கம். யோசித்து யோசித்து ஒரே ஒரு விளக்கம்தான் அகப்பட்டது. கன்னத்தில் ஒதுக்கியிருந்த அந்த ஒரு நிமிடத்தில் கரைந்த துளியே இவ்வளவு செய்கிறதென்றால், முழுசாக விழுங்கினால் என்னதான் செய்யாது! எழுத்துப் பிழைக்காக ஒரு நல்ல பொருளை ஒதுக்கிவிட்டோமே என்று மனம் அடித்துக்கொண்டது. நாளையிலிருந்து நாணயமாக விழுங்கிவிடுவது, அலைச்சலுக்கும் ஒரு கும்பிடு என்று தீர்மானித்தார்.

மறுநாள் காலை, பழக்க தோஷத்தில் மாத்திரை கன்னத்துக்கே போனது. சரி, இதுதான் கடைசி என்று பாலத்தைக் கடந்தார். கைக்குட்டையை அவிழ்த்து, தொட்டியின் மூடியைத் தூக்கினார்.

“சார், கொஞ்சம் நில்லுங்க” என்று பத்திரிகைக் கடைக்காரம்மா தலையை நீட்டினாள். “நாளையிலேர்ந்து எங்க தொட்டியில போடாதீங்க. இப்பதான் உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க. டாக்டர் உங்களைத் தினம் நாலு கிலோமீட்டர் நடக்க வைக்கச் சொல்லியிருக்காராம். எங்க கடைக்கு வந்து திரும்பினா மொத்தமே மூணுதான் வருதாம்.”