கடமான் மாசிலாமணி இரண்டு கணக்குத் தொடங்கிய கதை

ஒரு காட்டில், அதுவும் மலை உச்சியில் டவர் நட்டு நாலு புள்ளி சிக்னல் கிடைக்கிற ஒரு காட்டில், மாசிலாமணி என்று ஒரு கடமான் இருந்தார். நல்லவர். ஆற்றில் தண்ணீர் குடிக்கப் போனால்கூட இந்தக் கரையா அந்தக் கரையா என்று நாலு பேரிடம் விசாரித்து, அதற்குள் தாகம் அடங்கித் திரும்பி வருகிற அளவுக்கு நல்லவர். அவருடைய மனைவி பூரணி நிறைமாதமாக இருந்தாள்.

வைத்தியக் கரடி வந்து பூரணியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தது. "உடம்புல உப்புச்சத்தே இல்லையே! பிரசவத்துக்கு முன்னாடி வயிறு நிறைய உப்பு நக்கியாகணும். இல்லேன்னா பால் சுரக்காது, இப்பவே சொல்லிட்டேன்" என்றது.

"எத்தனை நாள் இருக்கு டாக்டர்?" என்றார் மாசிலாமணி.

"அஞ்சு நாள். மிஞ்சிப் போனா ஆறு."

அது அவர்களுக்கு முதல் கன்று. பிறக்கிற பிள்ளைக்குப் பால் இல்லாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அன்று முழுக்க மாசிலாமணிக்குப் புல் இறங்கவில்லை.

முன்பெல்லாம் உப்பு ஒரு பெரிய விஷயமே இல்லை. தெற்கே உப்புத்தரை இருந்தது. போனோமா, நக்கினோமா, வந்தோமா என்று இருந்தார்கள். இப்போது அங்கே ஒரு கவுண்ட்டர் போட்டு, காட்டெருமை வீரபத்திரனை உட்கார வைத்துவிட்டார்கள். காட்டில் காசு என்றால் நெல்லிக்காய்தான்; பத்து நக்குக்கு இருபது நெல்லிக்காய். அதையாவது நெல்லிக்காயாக வாங்கினார்களா என்றால், அதுவும் கிடையாது.

ஏன் என்று கேளுங்கள். சிங்கராஜா நீண்ட விடுப்பில் போயிருந்தார். பொறுப்பு ராஜாவாக இருந்த புலி, ஒரு நாள் காலையில் எழுந்து பல் விளக்கும் முன்னே உத்தரவு போட்டுவிட்டது. அரைநெல்லியைப் பெருநெல்லி என்று தலையில் கட்டும் கும்பல் பெருத்துவிட்டதாம். ஆகவே இனிமேல் யாரும் நெல்லிக்காயைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. எல்லாம் செல்போன் வழியாக, அல்லது அட்டை வழியாக. இருக்கிற நெல்லிக்காயை எல்லாம் கொண்டுவந்து கட்டிவிட்டு, அதற்குப் பதிலாக ஓர் எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியது.

செல்போனுக்கு 'விர்ர்' வங்கி என்று ஒன்று வந்திருந்தது. மரத்துக்கு நூறு கிளை இருக்கிற காட்டில் ஒரு கிளைகூட இல்லாத வங்கி அது. ஆப் மட்டும்தான். கட்டணம் இல்லை, குறைந்தபட்ச இருப்பு இல்லை, ஒவ்வொரு செலவுக்கும் உடனே 'டிங்' என்று தகவல் வரும். ஆனால் காசு எடுக்கும்போதெல்லாம் முகத்தைக் காட்ட வேண்டும்.

அட்டையை விற்றுக்கொண்டு முயல் சுகுமாரன் வீடு வீடாக வந்தது. "முன்னாடியே காசைப் போட்டுக்குங்க சார், அப்புறம் செலவு பண்ணுங்க. முகம் வேணாம், சிக்னல் வேணாம். தொலைஞ்சாக்கூட அதுல இருக்கிறது மட்டும்தான் போகும். அசல் மந்தாரை இலை சார், பிளாஸ்டிக் கிடையாது. மண்ணுக்குக் கேடே இல்ல." காசு போட ஒரு கட்டணம், ஆறு மாதம் சும்மா வைத்திருந்தால் அதற்கு ஒரு கட்டணம், மிச்சத்தைத் திரும்பக் கேட்டால் அதற்கும் ஒரு கட்டணம் என்பதை மட்டும் வாசல் தாண்டிப் போகும்போது சொன்னது.

மாசிலாமணி குளம்பால் மணலில் கட்டம் போட்டார். இந்தப் பக்கம் ஆப், அந்தப் பக்கம் அட்டை. எதிரே கூட்டல், கழித்தல். காற்று அடித்துக் கட்டம் அழிந்தது, மறுபடி போட்டார். பிறகு அக்கம்பக்கத்தில் விசாரிக்கக் கிளம்பினார்.

"ஆப்புதான் நல்லது" என்றது ஆமை. "நான் வச்சிருக்கேனே, பதினோரு மாசமா ஒரு காய்கூடப் பிடிக்கல."

"இதுவரைக்கும் எவ்வளவு செலவு பண்ணீங்க?"

"இன்னும் கடைக்குப் போய்ச் சேரலையே!"

மயிலோ அட்டைதான் என்று சாதித்தது. "ஆப்ல இருந்தா சாயந்தரத்துக்குள்ள எல்லாம் தோகை எண்ணெய்க்கே போயிடுது மாமா. அட்டைன்னா போட்டது தீர்ந்ததும் நின்னுடும் பாருங்க. வீட்டுல சண்டை இல்ல."

இப்படியே இரண்டு நாள் போயிற்று. பூரணி பெருமூச்சு விட்டாள். "ஏங்க, எதையாவது ஒண்ண வாங்கித் தொலைங்களேன். நான் உப்புத்தான கேட்டேன்?"

"அவசரப்படாத பூரணி. நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

மூன்றாம் நாள் அவருக்கே பொறி தட்டியது. இரண்டிலும் போட்டுவிட்டால்? வைத்திருந்த நானூறு நெல்லிக்காயில் இருநூறு ஆப்பில், இருநூறு அட்டையில். ஒன்று காலை வாரினால் இன்னொன்று கைகொடுக்கும். தன் புத்தியை நினைத்து அவருக்கே பெருமை தாங்கவில்லை.

செல்போனை ஒரு கிளையில் சாத்திவைத்து ஆப்பில் முகத்தைப் பதியப் போனபோது 'கொம்பு கட்டத்துக்குள் அடங்கவில்லை, சற்றுப் பின்னால் செல்லவும்' என்றது. ஒரு அடி போனார். 'இன்னும் சற்று' என்றது. போனார், போனார், ஓடைக்குள் தொபுக்கென்று விழுந்தார். 'அருமை! அசையாமல் இருக்கவும்' என்றது செல்போன். கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி மாசிலாமணி 'விர்ர்' வங்கியின் வாடிக்கையாளர் ஆனார்.

நான்காம் நாள் காலை தூங்கி எழுந்தபோது தலை லேசாக இருந்தது. இரண்டு கொம்பும் பக்கத்தில் கிடந்தன. கடமானுக்கு வருஷா வருஷம் கொம்பு விழும், பிறகு முளைக்கும். அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், அன்று பகல் முழுவதும் ஆப்பில் ரகசிய எண் வைப்பதா கைரேகை வைப்பதா, குளம்புக்கு ரேகை உண்டா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள்தான் பூரணியைக் கூட்டிக்கொண்டு உப்புத்தரைக்குப் போனார். அப்பாடா, என்ன கூட்டம்! முன்னால் பன்றிக் குடும்பம், பின்னால் முள்ளம்பன்றி. முள்ளம்பன்றி பின்னால் நிற்கும் வரிசையில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். ஒன்றரை மணி நேரம் நின்று கவுண்ட்டருக்கு வந்தார்கள். மாசிலாமணி கம்பீரமாகச் செல்போனை நீட்டி முகத்தைக் காட்டினார்.

'மன்னிக்கவும். நீங்கள் மாசிலாமணி இல்லை.'

"நான்தான்யா மாசிலாமணி!"

'மன்னிக்கவும். மாசிலாமணிக்குக் கொம்பு உண்டு.'

உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒரு மைனா தேன் சொட்டப் பேசியது. "விர்ர் வங்கிக்கு வணக்கம். கொம்பு உள்ளவர்கள் ஒன்றை அழுத்தவும். கொம்பு இல்லாதவர்கள் இரண்டை அழுத்தவும்." மாசிலாமணிக்கு நிஜமாகவே எதை அழுத்துவது என்று தெரியவில்லை. நேற்று முன்தினம் வரை ஒன்று, இன்று இரண்டு. கடைசியில் இரண்டை அழுத்தினார். "கொம்பு இல்லாத வாடிக்கையாளர் யாரும் உங்கள் பெயரில் இல்லை. கொம்பு முளைத்ததும் தொடர்புகொள்ளவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று வைத்துவிட்டது.

"கவலப்படாத பூரணி. இதுக்குத்தான ரெண்டா வச்சேன்" என்று சிரித்தபடி அட்டையைக் காட்டப் போனார். அட்டையை வாயில்தான் கவ்விக்கொண்டிருந்தார். இப்போது வாயில் ஒரு காம்பு மட்டும் இருந்தது.

நீங்களே சொல்லுங்கள். பசியோடு இருக்கிற ஒரு மானின் வாயில் இளசான மந்தாரை இலையைக் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் சும்மா நில் என்றால் அது என்ன செய்யும்? மென்றதும் அவருக்குத் தெரியாது, விழுங்கியதும் தெரியாது. இருநூறு நெல்லிக்காய் வயிற்றுக்குள் போய்விட்டது.

மாசிலாமணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அண்ணே, இவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்கண்ணே."

வீரபத்திரன் இளகிய மனசுக்காரர்தான். ஆனால் சட்டம் சட்டம். "பதறாதீங்க தம்பி. நாமெல்லாம் அசை போடுற ஆளுங்க. விழுங்கினது எங்க போயிடப் போகுது? மேல வரும். எனக்கும் போன மாசம் ஒரு அட்டை இப்படித்தான் வந்துச்சு. ஓரமாப் படுத்து நிதானமா விடுங்க. அவசரப்பட்டா வராது. நாலு மணிக்குக் கவுண்ட்டர சாத்திருவேன்."

மாசிலாமணி ஓரமாகப் படுத்துக் கண்ணை மூடி அசை போட ஆரம்பித்தார். முதலில் காலையில் தின்ற அருகம்புல் வந்தது. அப்புறம் நேற்றைய மூங்கில் குருத்து. அப்புறம் எப்போதோ மென்ற புளியங்கொழுந்து. அட்டையைக் காணோம்.

"ஏங்க, வலி எடுக்குதுங்க" என்றாள் பூரணி.

"கொஞ்சம் பொறு பூரணி! மேல வந்துக்கிட்டே இருக்கு!"

பூரணி அவரைப் பார்த்தாள். கவுண்ட்டரைப் பார்த்தாள். கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் மூன்று முழம் கயிறு, அந்தப் பக்கம் மூன்று முழம் கயிறு. அவ்வளவுதான். அதற்கு அப்பால் இரண்டு பக்கமும் உப்புத்தரை வெட்டவெளியாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. பூரணி எழுந்தாள். மெல்ல நடந்து கயிற்றைச் சுற்றிப் போனாள். குனிந்தாள், நக்க ஆரம்பித்தாள்.

"ஏம்மா, வரிசை இருக்கில்ல?" என்று கத்தியது முள்ளம்பன்றி.

"நான் வரிசையில இல்லண்ணே" என்றாள் பூரணி, நக்குவதை நிறுத்தாமல்.

வீரபத்திரன் கவுண்ட்டரில் காசு கழிக்கிற மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொடுத்த வேலை மெஷினைப் பார்ப்பது, தரையைப் பார்ப்பதல்ல. பூரணி வயிறு நிறைய நக்கிவிட்டு மூங்கில் புதருக்குப் பின்னால் போனாள்.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாசிலாமணியின் தொண்டையில் ஏதோ தட்டியது. வந்துவிட்டது! ஓரமெல்லாம் கிழிந்து, நடுவில் சப்பையாக, எச்சில் ஒழுக ஓர் இலை. வீரபத்திரன் அதைத் துடைத்து மெஷினில் வைத்தார். 'ஏற்கப்பட்டது. ஈர அட்டைக் கட்டணம் நாலு நெல்லிக்காய்' என்றது மெஷின்.

"பூரணி! வந்துடுச்சு! பத்து நக்கு!" என்று மெஷின் தந்த டோக்கனைக் கவ்விக்கொண்டு திரும்பினார். பூரணி இருந்த இடம் காலியாக இருந்தது.

பதறிப்போய்க் காடு முழுக்கத் தேடினார். கடைசியில் மூங்கில் புதருக்குப் பின்னால் கண்டுபிடித்தார். நடுங்குகிற நாலு காலில் ஒரு பெண் கன்று நின்றுகொண்டு, பூரணியின் மடியில் முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"எப்ப பிறந்துச்சு?"

"நீங்க மேல கொண்டுவந்துக்கிட்டு இருந்தீங்களே, அப்ப."

மாசிலாமணிக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்காமல் இலையை மென்றுகொண்டிருந்தோமே என்று தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் காலை கணக்கு அதிகாரி மந்தி நோட்டீஸோடு வந்து நின்றது. காசு கட்டாமல் உப்பு நக்கியதற்காகத் திருமதி பூரணிக்கு ஐந்நூறு நெல்லிக்காய் அபராதம்.

"ஆப்ல கட்டுறீங்களா, அட்டையில கட்டுறீங்களா?" என்றது மந்தி.

"ரெண்டும் எங்கிட்ட இல்லீங்க. பின்னாடி மரத்துல நெல்லிக்காய் கிடக்கு, பறிச்சுத் தரட்டுமா?" என்றாள் பூரணி.

மந்தி துள்ளிப் பின்வாங்கியது. "ஐயையோ, நெல்லிக்காய்ன்னு சொல்லாதீங்கம்மா! வாங்கினேன்னு தெரிஞ்சா எனக்கு வேலை போயிடும்." உத்தரவுப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டியது. தலையைச் சொறிந்தது. "ஆப்பும் இல்ல, அட்டையும் இல்லேன்னா உங்ககிட்ட வசூல் பண்ண வழியே இல்லையே. 'இயலவில்லை'ன்னு எழுதிக்கிட்டுப் போறேன். இனிமே நீங்க எத்தன தடவ நக்கினாலும் அதையேதான் எழுதணும்."

மாசிலாமணி காதை நிமிர்த்தினார். "சார், அப்ப நானும் இவ கூடவே சுத்திப் போயிடலாமா?"

"நீங்க எப்படி சார் போக முடியும்? நீங்கதான் ரெண்டு இடத்துல கணக்கு வச்சிருக்கீங்களே! கயித்தத் தாண்டின நிமிஷம் அபராதம் தானாக் கழிஞ்சுடும்."

"கணக்க மூடிட்டா?"

"தாராளமா மூடலாம். முகத்தக் காட்டணும், முழு அட்டையையும் ஒப்படைக்கணும்" என்று சொல்லிவிட்டு மந்தி மரத்துக்கு மரம் தாவிப் போய்விட்டது.

அன்று முதல் பூரணி தினமும் கன்றைக் கூட்டிக்கொண்டு உப்புத்தரைக்குப் போவாள். கயிற்றைச் சுற்றிப் போய், வெயில் ஏறும் முன் நக்கிவிட்டு வருவாள். மாசிலாமணியும் கூடவே கிளம்புவார், கயிறு வந்ததும் பிரிந்து, முள்ளம்பன்றிக்கு முன்னால் போய் நின்றுகொள்வார். கிழிந்த இலை அட்டையைப் பல்லில் படாமல் உதட்டோரத்தில் கவ்விக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் கன்று நக்குவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தது. "அம்மா, அப்பா ஏன் அங்கயே நிக்கிறாரு? இவ்வளவு உப்பு இங்க கிடக்குதே!"

"பாவம்டி உங்கப்பா" என்றாள் பூரணி. "அவரு விவரமானவரு."

நீதி: அபராதம் கட்ட வழியில்லாதவர்களுக்கு உப்பு இலவசம், வழி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வரிசையில் வரவும்.