தீர்த்தமலை போய் வந்த ஜீப்

ஸ்டீயரிங்கை இழுத்து ஒடித்த வேகத்தில் காவேரியின் ரவிக்கைத் தோளில் தையல் விட்டது. ஜீப்பின் முன்சக்கரங்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

"இன்னும் கொஞ்சம் மூச்சைப் புடிங்க சேவிகாம்மா" என்றார் மெக்கானிக் உசேன்.

"இதுக்கு மேல புடிச்சா நின்னே போயிடும் பாய்."

இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப் அது. போர் முடிந்து, வெள்ளைக்காரன் போய், கடைசியில் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. உசேன் மூன்று மாதமாக அதைப் பட்டறையில் போட்டு, இஞ்சினை இறக்கி, பாடியைத் தட்டி நிமிர்த்தி, பச்சை பெயிண்ட் அடித்திருந்தார். கண்ணுக்குப் புது மாப்பிள்ளை. ஸ்டீயரிங் மட்டும் கோபித்துக்கொண்ட மாமனார் மாதிரி எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

காவேரி அந்த ஒன்றியத்தின் முக்கிய சேவிகா, பால்வாடிகளின் மேற்பார்வையாளர். பாப்பாரப்பட்டியில் அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். "படிச்ச பொண்ணு, வாய் ஜாஸ்தி" என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள். அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. கேட்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

மலையடிவாரத்தில் அவள் பொறுப்பில் பதினோரு பால்வாடிகள் இருந்தன. பஸ் போகாத ஊர்கள். பால்பவுடர் மூட்டைகள் அலுவலகத்தில் கிடந்து எறும்புகளை வளர்த்தன. பிள்ளைகள் அங்கே வெறும் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஜீப்பை ஓட்டிய டிரைவர் மாதையனுக்குத் தோள் இறங்கிப்போய் ஆறு மாதம். பின்னால் வந்த இரண்டு டிரைவர்கள் ஸ்டீயரிங்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊருக்குப் போனவர்கள், திரும்பவில்லை.

"அப்ப நான் ஓட்டறேன்" என்று காவேரி ஒன்றிய அதிகாரி பி.டி.ஓ.வின் மேசை முன் நின்று சொன்னாள்.

பி.டி.ஓ. சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அன்றே ஜீப்பைத் தன் பெயரில் எழுதி வாங்கிக்கொண்டுதான் அவள் அறையை விட்டு வெளியே வந்தாள்.

மாதையன் தோளில் கட்டோடு பட்டறைக்கு வந்து பார்த்தார்.

"பத்து வருசத்துக்கு முன்ன பூ மாதிரி திரும்புன வண்டிங்கம்மா இது. தீர்த்தமலை திருவிழா டூட்டிக்கு ஆத்தைத் தாண்டிப் போயிட்டு வந்துச்சு. அன்னையிலிருந்து இப்படி. எவனோ செருப்புக் காலோட மலை ஏறியிருக்கான். சாமி குத்தம்."

"சாமிக்கு ஸ்டீயரிங் மேல என்னங்க கோவம்? குத்தம்னா பிரேக்கையில்ல புடிக்கணும்?"

உசேன் கிரீஸ் அடித்தார். முன் அச்சுக் கட்டையைக் கழற்றி மாட்டினார். புது புஷ் போட்டார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சேவிகாம்மா, ஒரே வழிதான் இருக்குது. பவர் ஸ்டீயரிங்."

"அப்படின்னா?"

"நீங்க விரல வெச்சா போதும். மிச்சத்தை ஆயில் திருப்பும். அணை கட்டற எடத்துல ஓடுன வெளிநாட்டு லாரி ஒண்ணு ஒடைக்க வந்திருக்குது. அதுல இருந்து எடுத்து மாட்டிடலாம்."

"மொதல்ல டயர்ல காத்து இருக்குதா பாத்தீங்களா?"

"அது எங்க அக்கா டிபார்ட்மெண்டுங்க. வாரா வாரம் சனிக்கிழமை உங்க ஆபீஸ் சீட்டுப் பிரகாரம் பாத்துடும். அதுல ஒரு குறை சொல்ல முடியாது."

பட்டறையை ஒட்டிப் பஞ்சர் கடை வைத்திருந்த அவர் அக்கா ரஹமத் பீவி, கால் பம்பின் மேல் கையை வைத்தபடி தலையாட்டினாள். அதிகம் பேசாத மனுஷி.

பவர் ஸ்டீயரிங் வந்தது. லாரிக்கு ஸ்டீயரிங் வலது பக்கம், ஜீப்புக்கு இடது பக்கம். உசேன் யோசித்துப் பார்த்து, பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். விரலை வைத்ததும் சக்கரம் திரும்பியது. காவேரிக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கடத்தூர் ரோட்டில் ஏறி, எதிரே வந்த வைக்கோல் வண்டிக்கு ஒதுங்க இடது பக்கம் ஒடித்தாள். ஜீப் வலது பக்கம் போய் வைக்கோலுக்குள் புகுந்து நின்றது.

"இடமும் வலமும் மாறிப்போச்சு பாய்."

"பழகிக்குங்க சேவிகாம்மா. கண்ணாடியப் பாத்துத்தானே தலை சீவறீங்க? அதே கணக்குதான்."

"கண்ணாடிக்குள்ள எதிர்ல வண்டி வராதுங்க பாய்."

உசேன் மறுபடி கழற்றினார். ஒரு வாரம் கழித்து இடம் இடமாகவும் வலம் வலமாகவும் ஆனது. ஆனால் இப்போது தும்மினால்கூட ஜீப் திரும்பியது. காவேரி நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று பார்த்த மாதையன், குடிகாரன் வீட்டுக்குப் போவது போல இருக்கிறது என்றார். அதைச் சரிசெய்ய உசேன் ஆயில் குழாயை இறுக்கினார்.

வெள்ளிக்கிழமை பி.டி.ஓ. தானே பார்க்க வந்தார். பானெட்டைத் திறந்து, குனிந்து, "இதுதான் அந்தப் பவரா?" என்று கேட்டார்.

காவேரி ஸ்டீயரிங்கைத் தொட்டாள். குழாய் பிய்த்துக்கொண்டது. பவர் முழுவதும் பி.டி.ஓ.வின் வெள்ளைச் சட்டையில் இறங்கியது.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்கத் துடைக்க ஆயில் பரவியது.

"திங்கக்கெழமை வண்டி சோதிக்கற பிரேக் இன்ஸ்பெக்டர் வர்றாரு. மைதானத்துல எட்டு போட்டுக் காட்டு. போட்டா வண்டி உன்னுது. இல்லையா, வண்டி ஏலத்துக்கு, நீ ஜில்லா ஆபீசுல தபால் ஒட்டற மேசைக்கு. ஆர்டர் டைப் அடிச்சு வெச்சாச்சு."

"டைப் அடிச்சதே வேஸ்ட்டுங்க சார்" என்றாள் காவேரி. சொன்னது வாய்தான்.

மறுநாள் சனிக்கிழமை. குமாஸ்தா குப்புராஜ் வழக்கம்போல சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து காவேரியின் மேசையில் வைத்தார். துடைப்பத்துக்கு ஒன்று, மண்ணெண்ணெய்க்கு ஒன்று, குடிதண்ணீர்ப் பானைக்கு ஒன்று, ஜீப்புக்கு ஒன்று என்று வாரம் முப்பது சீட்டு வரும். ஆறு மாதமாகப் படித்துப் பாராமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளியவள் அவள்.

"ஒரு கையெழுத்துங்க மேடம்."

"போட மாட்டேன்."

"இது எப்பவும் போடறதுதானுங்களே?"

"அதான் போடலைங்கறேன். திங்கக்கெழமை நான் இங்க இருக்கேனா இல்லையான்னு தெரியல, துடைப்பத்துக்குக் கையெழுத்து வேணுமா? எடுத்துட்டுப் போங்க."

குப்புராஜ் கட்டை எடுத்துக்கொண்டு போனார். இந்த மேசையிலிருந்து சீட்டு திரும்பிப் போனது அவருடைய சர்வீஸில் அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை மைதானத்தில் பாதி ஊர் நின்றது. மாதையன் கண்ணை மூடிக்கொண்டு தீர்த்தமலை சாமியிடம் என்னவோ பேசிக்கொண்டிருந்தார். உசேன் கூட்டத்துக்குப் பின்னால், வேப்பமரத்தை ஒட்டி ஒளிந்தாற்போல நின்றார். பிரேக் இன்ஸ்பெக்டர் ஆயில் கதையை யாரிடமோ கேட்டிருக்க வேண்டும். இருபதடி தள்ளியே நாற்காலி போட்டுக்கொண்டார்.

காவேரி பல்லைக் கடித்து, இருக்கிற பலத்தையெல்லாம் தோளுக்குக் கொண்டுவந்து, ஸ்டீயரிங்கைத் திருப்பினாள்.

திரும்பியது.

இடத்துக்கு இடம், வலத்துக்கு வலம். தும்மலுக்குத் திரும்பவில்லை, கேட்டதற்குத் திரும்பியது. முதல் சுற்று, நடுவில் வெட்டு, இரண்டாம் சுற்று. சிலேட்டில் எழுதியது போல எட்டு விழுந்தது. நம்பாமல் இன்னொரு எட்டும் போட்டாள். இரண்டாவதை ஒரே கையில் போட்டாள்.

"ஆம்பளைங்களே இந்த வண்டில எட்டு போட்டு நான் பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் தாளில் எழுதினார். பி.டி.ஓ. டைப் அடித்த ஆர்டரை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "என்ன இருந்தாலும் பவர் ஸ்டீயரிங் பவர் ஸ்டீயரிங்தான்" என்று, அதைத் தானே கண்டுபிடித்தவர் மாதிரி நாலு பேருக்குக் கேட்கும்படி சொன்னார்.

காவேரி இறங்கினாள். மூன்று மாதமாக நெஞ்சுக்குள் கிடந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. மத்தியானமே பால்பவுடர் கிளம்பிவிடும். நேராக உசேனிடம் போனாள்.

"பாய், உங்க கைக்கு..."

"கைய விடுங்க சேவிகாம்மா." உசேன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு விசயம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நேத்து அந்தப் பவரு சாமான் அத்தனையும் கழட்டிச் சாக்குல கட்டிட்டேன். இன்ஸ்பெக்டர் மேல ஆயில் அடிச்சா நம்ம கதி என்னங்க? ஏலத்துக்குப் போனாலும் முழு வண்டியாப் போகட்டும்னு பழைய ஸ்டீயரிங்கையே மாட்டிட்டேன்."

"பழசா?"

"அதேதான். நீங்க ரவிக்கை கிழிச்சுக்கிட்டீங்களே, அதேதான்."

"அப்ப எப்படிங்க திரும்புச்சு?"

"அதான் எனக்கும் புரியல."

"வேண்டிக்கிட்டது வீண் போகல" என்றார் மாதையன், கன்னத்தில் போட்டுக்கொண்டு.

காவேரி ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரஹமத் பீவி வந்தாள். ஒரு கையில் கால் பம்பு. மறு கையில், கம்பியில் குத்திய சீட்டுகள் ஒரு முழ உயரத்துக்கு.

"சேவிகாம்மா, தீர்த்தமலைக்குப் போக ஆத்து மணல் தாண்டணும், முன் டயர்ல பாதிக் காத்தை எறக்கு, மறு உத்தரவு வர்ற வரைக்கும் வாரா வாரம் எறக்குன்னு பத்து வருசமா ஆபீஸ் சீட்டு வருதுங்க, இப்ப ஆறு மாசமா உங்க கையெழுத்துல, இந்தச் சனிக்கெழமை சீட்டு வரல, அதான் முழுசா அடிச்சிட்டேன், இப்ப எறக்கிடட்டுங்களா?"