ஆகாயத்தாரும் கொம்பனி மணியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இதுவரை பிறந்தவர்களில் தரையில் கால் பதிக்காமலே சீவித்து முடித்த ஒரே மனிதர் எங்கள் ஆகாயத்தார்தான். பண்டத்தரிப்பிலிருந்து பட்டணத்துக்கு பஸ் ஓட்டியவர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்துபோயிருக்க வேண்டும். நான் அந்த பஸ் கொம்பனியில் கிளாக்கர். சம்பளத்தன்று அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், அவரும் மற்றவர்களோடு சேர்ந்து யாரது என்று திரும்பித் தேடுவார்.

தான் ஓட்டுவது பஸ் என்று அவர் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை.

"நாங்கள் பறக்கிறம் தம்பி. உயரம்தான் கொஞ்சம் குறைவு," என்பார்.

இளவயதில் எப்போதோ பட்டணத்தை ஒட்டிய பண்ணைக் கடலுக்கு மேலாக ஒரு ஏரோப்பிளேன் போனதைப் பார்த்தாராம். அன்றைக்கு நிமிர்ந்த தலை அதற்குப் பிறகு சரியாகக் குனியவில்லை. காலையில் பஸ் எடுக்க முதல் அதை ஒருமுறை சுற்றி வருவார். டயர்களைத் தட்டிப் பார்ப்பார். விரலை எச்சிலில் நனைத்து உயர்த்திப் பிடித்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். பிறகு எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் இரும்புக் கைபிடியைத் துடைத்துச் சீற்றுக்கு அடியில் வைத்துவிட்டு, சனத்தைத் திரும்பிப் பார்த்து அறிவிப்பார்.

"எல்லாரும் இறுக்கிப் பிடியுங்கோ. எழும்பப்போறம்."

தோசைக்கல்லைப் போலத் தட்டையான எங்கள் ஊரில் எழும்புவதாவது இறங்குவதாவது! ஆனாலும் அவர் சொல்லும்போது கை தானாகவே முன்கம்பியைப் பிடித்துவிடும். சந்தைக்குக் கத்தரிக்காய் நிரப்பிய ஓலைக் கடகத்தோடு போகும் பெண் ஒருத்தி இருந்தா. எல்லோருக்கும் அவ கத்தரிக்காய் அக்கை. அவ இதை முழுக்க நம்பிவிட்டா.

"தம்பி, கொஞ்சம் பதிச்சுப் போ. உயரத்திலை எனக்குத் தலை சுத்தும்."

"ஓமக்கை, பதிச்சுத்தான் போறன்," என்று ஆகாயத்தாரும் வேகத்தைக் குறைப்பார். அக்கை கண்ணைத் திறந்து நன்றி சொல்லுவா.

மார்கழிக் காலைகளைத்தான் என்னால் மறக்கமுடியாது. வயல்வெளி முழுக்கப் பனி இறங்கிக் கிடக்கும். பனைகளின் தலை மட்டும் தெரியும், அடி தெரியாது. பஸ் அதற்குள் நுழைந்ததும் ஆகாயத்தார் எஞ்சின் சத்தத்தைக் குறைத்துவிடுவார். "முகிலுக்குள்ளை வந்திட்டம்," என்று மெல்லச் சொல்லுவார். விலை பேசிக்கொண்டிருந்த புகையிலை வியாபாரிகள் வாயை மூடிக்கொள்வார்கள். யன்னலுக்கு வெளியே வெள்ளையாக ஏதோ ஓடிக்கொண்டேயிருக்கும். எங்கேயோ மிகக் கீழே ஒரு கோயிலில் பூசை நடக்கிற சத்தம் கேட்கும். சத்தியமாகச் சொல்லுகிறேன், அந்த நேரங்களில் நானும் பறந்திருக்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தம் வந்து உண்மையான விமானங்கள் தலைக்கு மேலே திரியத் தொடங்கியபோது ஊர் நடுங்கியது. ஆகாயத்தார் மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஹோர்ன் அடித்துக் கை காட்டினார். "எங்கடை ஆக்கள்," என்றார். ஒரு விமானமாவது பதிலுக்குக் கை காட்டவில்லை. "அவைக்கு இப்ப வேலை கூட," என்று தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

அந்த யுத்தம் எங்கள் கொம்பனியிலும் கை வைத்தது. பெற்றோலுக்குத் தட்டுப்பாடு, டயருக்குத் தட்டுப்பாடு. ஒரே றோட்டில் ஆளை ஆள் முந்திக்கொண்டு ஓடிய சிவப்பு பஸ் கொம்பனியும் பச்சை பஸ் கொம்பனியும் வேறு வழியில்லாமல் ஒன்றாகின. சிவப்பு எங்களுடையது. அதுவரை கலியாண வீட்டில்கூட ஒரே பந்தியில் இருக்காத இரண்டு முதலாளிமாரும் ஒரே மேசையில் இருந்தார்கள். நடுவில் ஒரு மனேச்சரை வைத்தார்கள். நல்ல மனிதர், நல்ல இங்கிலீஷ். ஒரேயொரு குறை, பஸ்ஸில் ஏறினால் அவருக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்துவிடும். அதனால் சைக்கிளில் வந்து பஸ் கொம்பனியை நடத்தினார்.

அவருடைய முதல் உத்தரவு, சரிவுகளில் எஞ்சினை நிறுத்திவிட்டுப் போய்ப் பெற்றோலை மிச்சம் பிடிக்கவேண்டும் என்பது. மலைநாட்டுப் பக்கத்திலிருந்து யாரோ சொல்லிக் கொடுத்த யோசனையாம். டிரைவர்மார் கிழமைக்கணக்காகச் சரிவு தேடினார்கள். கடைசியில் ஒரு மதகடியில் ஒன்று அகப்பட்டது. அதில் எஞ்சினை நிறுத்தினால் பஸ்ஸும் நின்றது.

இரண்டாவது உத்தரவுதான் வினையாகியது. சிவப்பு டிரைவருக்குப் பச்சைக் கொண்டக்டர், பச்சை டிரைவருக்குச் சிவப்புக் கொண்டக்டர். ஆளை ஆள் கண்காணிப்பார்களாம்.

கொண்டக்டர் பின்னாலிருந்து கயிற்றை இழுத்தால் டிரைவரின் காதடியில் மணி அடிக்கும். சிவப்புக் கொம்பனி வழக்கத்தில் ஒன்று அடித்தால் நிற்பாட்டு, இரண்டு அடித்தால் எடு. பச்சைக் கொம்பனியில் அதற்கு நேர்மாறு, ஒன்றுக்கு எடு, இரண்டுக்கு நிற்பாட்டு. இனி எந்த மணி?

"எங்கடை மணியை விடேலாது," என்றார் சிவப்பு முதலாளி.

"அப்ப எங்கடை மணி என்ன றோட்டிலை கிடந்து எடுத்ததோ?" என்றார் பச்சை முதலாளி.

மனேச்சர் நாடியைத் தடவி யோசித்து, இருவருக்கும் நோகாமல் தீர்த்தார். ஒரு கிழமை சிவப்பு மணி, மறு கிழமை பச்சை மணி.

திங்கட்கிழமை காலையில் "இது ஆற்றை கிழமை, சிவப்போ பச்சையோ?" என்று விசாரிக்காமல் ஒரு டிரைவரும் பஸ் எடுக்கவில்லை. விசாரித்தாலும் கை பழைய கைதானே!

அப்படியொரு திங்கட்கிழமை, மானிப்பாயில் பஸ் நின்றது. சிவப்புக் கிழமை. நான் முன் சீற்றில் இருந்தேன். கத்தரிக்காய் அக்கை கடகத்தோடு இறங்கப்போய், மிதிபலகையில் ஒரு காலும் றோட்டில் ஒரு காலுமாக நின்றா. பஸ் கொஞ்சம் அசைந்ததைக் கண்ட பச்சைக் கொண்டக்டர் பதறிப்போய், நில் என்று தன் பழைய பழக்கத்தில் இரண்டு அடித்தார். சிவப்புக் கிழமையில் இரண்டு என்றால் எடு. ஆகாயத்தார் எடுத்தார்.

கடகம் ஒரு பக்கம், அக்கை ஒரு பக்கம். றோட்டு முழுக்கக் கத்தரிக்காய். நல்ல காலம், முழங்கால் தேய்ந்ததோடு போயிற்று. ஓடிப்போய்த் தூக்கிய ஆகாயத்தாரைப் பார்த்து அக்கை வெட்கத்தோடு சொன்னா:

"குறை நினையாதை தம்பி. நீ கீழை வாறதுக்கு முந்தி நான் இறங்கிப்போட்டன் போலை."

பஸ்ஸில் இருந்த அவ்வளவு பேரும் சிரித்தோம். ஆகாயத்தார் சிரிக்கவில்லை. றோட்டில் முழந்தாளிட்டுக் கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, தன் சேட்டில் துடைத்துத் துடைத்துக் கடகத்தில் வைத்தார். பிறகு றோட்டோரத்தில் குந்திவிட்டார்.

"இண்டைக்கு இனி எழும்பேலாது," என்றார்.

அன்று பின்னேரம் டிரைவர்மார் மனேச்சர் இருக்கும் கந்தோருக்குப் படையெடுத்தார்கள். பேசுவதற்கு ஆகாயத்தாரைத்தான் முன்னால் தள்ளினார்கள். சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று நம்பாத அந்த நேரத்தில் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான விசர்ப் பைத்தியம் அவர் ஒருவர்தான்.

"மணி சின்ன விசயம். நாலு நாள் போனால் பழகிவிடும்," என்றார் மனேச்சர்.

"ஓம் ஐயா, பழகும். அந்த நாலு நாளிலை விழப்போற ஆக்கள் ஆரெண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் போய் அவையை வீட்டிலை நிக்கச் சொல்லுறன்."

"கதையை விடும். நாளைக்கு பஸ் எடுப்பீரோ, மாட்டீரோ?"

"ஐயா, நான் முன்னுக்குப் பாத்துப் பறக்கிற ஆள். பின்னுக்கு நடக்கிறது எனக்குத் தெரியாது. அந்த மணியை நம்பித்தான்…"

"பறக்கிறீரோ?" என்று மனேச்சர் கேட்க, முதலாளிமார் இருவரும் அன்றுதான் முதன்முறையாக ஒன்றாகச் சிரித்தார்கள்.

"உவருக்கு விசர்," என்றார் எங்கள் முதலாளி. "நாளைக்கு எடுக்காட்டி வேறை ஆளைப் போடுங்கோ."

ஆகாயத்தார் கையில் கொண்டுவந்த இரும்புக் கைபிடியை மேசைமேல் வைத்தார். படியிறங்கிப் போய்விட்டார். அந்த மனிதருக்கு வேறு தொழில் தெரியாது. பஸ்ஸைப் பறித்துவிட்டால் அவரிடம் மிஞ்ச ஒன்றுமில்லை.

மறுநாள் விடிய, பச்சை டிரைவர் ஒருவர் வந்து தன் கைபிடியைக் கந்தோர் வாசலில் போட்டார். பின்னால் வந்த சிவப்பு டிரைவர் தன்னுடையதையும் போட்டார். வெயில் ஏற முதல் வாசலில் கொல்லன் பட்டறையைப் போல இரும்பு குவிந்துவிட்டது. அதுவரை வெற்றிலைகூட மாற்றிக்கொள்ளாத இரண்டு பக்கத்து டிரைவர்மாரும் ஆகாயத்தாரை நடுவில் இருத்திப் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். பஸ்கள் பேசாமல் நின்றன. சந்தைச் சனம் கடகங்களோடு வந்து சூழ்ந்தது. மனேச்சர் சைக்கிளை எங்கே சாத்துவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"சரியப்பா, ஒரு மணிதான். எந்த மணி?" என்று அவர் கேட்டதும் பழையபடி சண்டை தொடங்கியது. முதலாளிமார் இரண்டு பேரும் ஒரு அங்குலம் அசையவில்லை. சிவப்பு டிரைவர்மார் எல்லோரும் ஆகாயத்தாரைப் பார்த்தார்கள். தங்கள் ஆள், தங்கள் மணியைத்தானே கேட்பார்!

"பச்சை மணியையே வையுங்கோ," என்றார் ஆகாயத்தார்.

எங்கள் முதலாளிக்கு முகம் கறுத்துவிட்டது. "எங்கடை சோத்தைத் திண்டுபோட்டு அவையின்ரை மணியைக் கேக்கிறாய்?"

"மணி ஆற்றையெண்டாலும் எனக்குக் காரியமில்லை முதலாளி. அக்கை விழக்கூடாது. இனிப் பழகவேண்டியது நான், நான் பழகிறன்."

பச்சை முதலாளி வென்ற சந்தோசத்தைக் காட்டாமல் நிலத்தைப் பார்த்தார். மனேச்சரே குனிந்து, குவியலில் கிடந்த கைபிடி ஒன்றை எடுத்து ஆகாயத்தாரிடம் நீட்டினார். எங்கள் கொம்பனிகள் இரண்டும் உண்மையில் ஒன்றானது அன்றைக்குத்தான்.

பழகுவது அவருக்கு லேசாக இருக்கவில்லை. காதுக்குள் பழைய மணி ஊறிக் கிடந்தது. அதனால் மணி அடித்தாலும் உடனே எடுக்கமாட்டார். சீற்றைவிட்டு எழும்பி, திரும்பி, மிதிபலகையில் ஒருவரும் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் எடுப்பார். இதனால் பட்டணத்துக்கு நாங்கள் தினமும் பிந்தித்தான் போனோம். மனேச்சர் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனார். எங்கள் முதலாளி கடைசிவரை ஆகாயத்தாரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

ஆகாயத்தார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ கெட்டிக்கார டிரைவர்மாரின் பஸ்களில் போயிருக்கிறேன். எல்லோரும் நேரத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆகாயத்தார் ஓட்டும்போது நான் பண்டத்தரிப்பிலிருந்து பட்டணம்வரை நல்ல நித்திரை கொள்ளுவேன். வேறு யார் ஓட்டினாலும் எனக்கு இன்றுவரை கண் மூடவில்லை.