கண்ணாடி போடாத டிரைவர்

"அக்கா, இடது கண்ணை மூடிக்கிட்டு மேல இருந்து படிங்க" என்றாள் கண் பரிசோதகர் ஜெபா.

புஷ்பா மூடினாள். ஆனால் படித்தது யாருக்கும் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. மூலை ஸ்டூலில், உள்ளங்கையை விரித்துப் பேனாவோடு காத்திருந்த அவள் புருஷன் நாகேந்திரன் முன்னால் சாய்ந்து காதைக் கொடுத்தார்.

"வாய் விட்டுப் படிமே. மேடத்துக்குக் கேக்க வேணாமா?"

"மேடத்துக்குக் கேக்குது. உனுக்கு இன்னாத்துக்கு?"

அவருக்குத்தான் கேட்க வேண்டும். அதற்காகத்தான் குடும்பத்தையே கிளப்பிக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அதைச் சொல்ல முடியாது.

வேலப்பன்சாவடி பக்கத்தில் ஒரு கல்லூரியில் நாகேந்திரன் பஸ் டிரைவர். ஆவடி ரூட், பதினெட்டு வருஷம், ஒரு கீறல் இல்லை. போன மாதம் போக்குவரத்து அதிகாரி வீரராகவன் ஷெட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். டிரைவர்கள் எல்லாரும் கண்ணைச் சோதித்து, கண்ணாடி இல்லாமலே பார்வை சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் கொண்டுவர வேண்டும். கண்ணாடி தேவைப்படுகிறவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கேட்டில் காவலுக்குப் போய்விட வேண்டும். கண்ணாடி போட்ட டிரைவரைப் பார்த்தால் பெற்றவர்கள் பயப்படுகிறார்களாம். கண் தெரியாத டிரைவரைப் பார்த்தால் பயப்பட மாட்டார்கள் போலும், பார்த்தால் தெரியாதல்லவா.

நாகேந்திரனுக்குக் கண் மங்கி இரண்டு வருஷம் ஆகிறது. போன வாரம் நூம்பல் திருப்பத்தில் புதிதாக ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள் என்று பிரேக்கை மிதித்தார். வேகத்தடை எழுந்து நடந்து போனபோதுதான் அது எருமை என்று தெரிந்தது. அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை; ஏன் என்று கேட்ட புஷ்பாவிடம் எருமை குறுக்கே வந்துவிட்டது என்று மட்டும் சொன்னார்.

இருந்தாலும் கேட்டில் போய் எப்படி நிற்பது? மகள் எழிலரசி அதே கல்லூரியில் முதலாம் ஆண்டு; அப்பா விடிவதற்குள் ஆவடிக்குக் கிளம்பிவிடுவதால் வேறு ரூட் பஸ்ஸில் போகிறவள். "எங்கப்பா பஸ் ஓட்றாரு" என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற பெண். அவள் கண் முன்னால் வருகிற போகிற காருக்கெல்லாம் சலாம் வைப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்போதுதான் இந்தக் கண்ணாடிக் கடையின் 'குடும்பத்தோடு வாருங்கள், கண்களைக் காத்திடுங்கள்' என்ற பேனர் கண்ணில் பட்டது. பேனர் பெரிது என்பதால் பட்டது. விசாரித்ததில் கண்ணைச் சோதிக்கும் மெஷின் சர்வீசுக்குப் போயிருக்கிறது, எழுத்துப் பலகை மட்டும்தான் என்றார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பெண்டாட்டியையும் பெண்ணையும் முதலில் படிக்க விட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ணிக்கொண்டால் தீர்ந்தது.

"ப, ட, ம, க..." புஷ்பாவின் குரல் ஒருவழியாக எழும்பியது. நாகேந்திரன் கடைசி வரி வரைக்கும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

"தூரத்துல பார்வை பிரமாதம் அக்கா. கிட்டத்துக்குத்தான் கண்ணாடி வேணும்" என்ற ஜெபா, பலகையைத் திருப்பினாள். "சார், வாங்க."

"இன்னா மேடம், போர்டைத் திருப்பிட்டீங்க?"

"உங்களுக்கு காலேஜ் ஃபாரம் சார். இங்கிலீஷ் எழுத்துலதான் பாக்கணும்னு போட்டிருக்கு."

எழுந்தவர் அப்படியே உட்கார்ந்தார். "மொதல்ல பொண்ணைப் பாத்துடுங்க. அதுக்குத்தான் தலவலி."

"எனக்கா? எப்பப்பா?" என்றாள் எழிலரசி.

"உனுக்குத் தெரியாது. போய் குந்து."

எழிலரசி மூன்று வரியைக் கடகடவென்று படித்தாள். நாலாவதில் இழுத்தாள். "எம்... எச்... கே... ஓ... எஸ்..." அப்பா விடாமல் எழுதினார். தமிழ் எழுத்துகள் மேல் இங்கிலீஷ் ஏறியது.

ஜெபா பெருமூச்சு விட்டாள். "நாலாவது வரியில இருந்து அத்தனையும் தப்பு. காலேஜ்ல போர்டை எப்படிம்மா பாக்குற?"

"பக்கத்துல இருக்கறவ நோட்டைப் பாத்து எழுதிப்பேன் மேடம்."

நாகேந்திரனுக்கு ஒரே நேரத்தில் இரண்டு துக்கம் வந்தது. மகளுக்குக் கண் தெரியவில்லை என்பது ஒன்று. உள்ளங்கை முழுக்கத் தப்பு என்பது மற்றொன்று. இதில் எது முதலில் வந்தது என்று யோசித்தபோது அவருக்கே வெட்கமாக இருந்தது.

லென்ஸ் மாட்டிவிட்டதும் எழிலரசி மறுபடி படித்தாள். "ப்பா, எவ்ளோ தெளிவா கீதுப்பா" என்று சந்தோஷத்தில் எழுத்துகளின் மேல் ஓட்டமாக ஓடினாள். நாகேந்திரன் துரத்திக்கொண்டு எழுதினார். வியர்வையில் மை கரைந்தது. கிட்டே வைத்துப் பார்த்தால் ஒரே நீலம். கையை நீட்டினால்தான் கொஞ்சம் தெரியும், நீட்டினால் ஜெபா பார்த்துவிடுவாள்.

"சார், இப்பவாவது வாங்க."

"மேடம், எங்க ஊட்டம்மாவை இன்னொரு தபா இங்கிலீஷ்ல பாத்துடுங்க. பத்தாங் கிளாஸ் வரிக்கும் படிச்சவ."

புஷ்பா ஸ்டூலருகே வந்தாள். அவர் கையைப் பிடித்து விரித்தாள். கிட்டத்தில் சரியாகத் தெரியாதவளுக்கும் அது என்ன என்று புரிந்தது.

"இன்னாய்யா இது?"

"மெதுவா பேசு."

"கண்ணு தெரியாமதான் அறுபது புள்ளைங்கள ஏத்திகினு போறியா?"

"ரோடு தெரியுது புஷ்பா. எழுத்துதான் தெரியல."

"எருமை தெரிஞ்சுதா?"

அவர் தலை குனிந்தார். "கேட்ல நின்னா எழிலு பாப்பாளே" என்றார். குரல் உடைந்துபோயிருந்தது.

புஷ்பாவுக்குத் திட்ட நிறைய இருந்தது. ஆனால் இருபது வருஷத்தில் அந்தக் குரலை அவள் கேட்டதில்லை. நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு தடவை, டிக்டேஷன் கொடுக்கிற டீச்சர் போல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கடைசி வரி முடிந்தும் விடவில்லை; அதற்குக் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துவிட்டுத்தான் இறங்கினாள். இறங்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கண்ணு எரியுதா அக்கா?" என்றாள் ஜெபா.

"மனசு எரியுது மேடம்."

இனி அனுப்ப வீட்டில் ஆள் இல்லை. நாகேந்திரன் நாற்காலி ஏறினார்.

"இடது கண்ணை உள்ளங்கையால மூடிக்கோங்க சார்."

மூடினார். படித்த படிப்பெல்லாம் கண்ணுக்கு மேலேயே அப்பிக்கொண்டது. எதிரே வெள்ளையாக ஒரு வெளிச்சம், அதில் கறுப்பாகச் சில எறும்புகள். கண்ணை நம்பிப் பிரயோஜனம் இல்லை என்று காதை நம்பினார்.

"எச், எச், என், என், கே, கே..."

"ஏன் சார் ரெண்டு ரெண்டா சொல்றீங்க? ஒவ்வொண்ணும் ரெண்டா தெரியுதா?" ஜெபா பதறிப்போய் டார்ச்சை எடுத்தாள்.

"இல்ல மேடம், ஒண்ணுதான். அழுத்திச் சொன்னேன்."

"மெதுவா சார். நான் இன்னும் குச்சியையே வைக்கல."

அவரால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் மறந்துவிடும். ஐந்து, ஆறு, ஏழு என்று வரிகள் உருண்டன. போதும் சார், போதும் சார் என்று ஜெபா சொல்லச் சொல்ல, அச்சகத்தின் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டார். அடுத்த கண்ணுக்கும் அதே பாட்டு.

"இந்த வயசுல இப்படி ஒரு பார்வையா" என்று ஜெபா எழுதிக் கையெழுத்துப் போட்டாள். புஷ்பா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே கவுன்டரில் சான்றிதழ் கொடுக்கிற பெண் ஆக்னஸ் முத்திரை குத்திக் கொடுத்தாள். நாகேந்திரன் வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். வேலை தப்பித்தது. வரவேண்டிய சந்தோஷம்தான் வரவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு ஆவடியில் பிள்ளைகள் "குட் மார்னிங் அண்ணா" என்று ஏறுவார்கள். அவர்களின் முகம் தெரிகிற மாதிரி சிரிக்க வேண்டும். இரண்டு வருஷமாக அப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. பக்கத்தில் எழிலரசி கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு ஃப்ரேமாக மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் கை பையிலேயே நின்றுவிட்டது.

"உங்க காலேஜ் டிரைவருங்களுக்கெல்லாம் குடும்பத்து மேல ரொம்பப் பாசம் சார்" என்றாள் ஆக்னஸ்.

"இன்னா சொல்றீங்க?"

"இந்த வாரத்துல நீங்க எட்டாவது ஆளு. எல்லாரும் ஒய்ஃப், பசங்களைத்தான் மொதல்ல காட்டுறாங்க. அவங்க கடைசியிலதான் ஏறுறாங்க. அதுவும் மூலையில ஸ்டூல் போட்டு உக்காந்து, படிக்கிறதைக் கேட்டுக்கிட்டே இருப்பாங்க."

நாகேந்திரன் சட்டைப்பையை அழுத்திப் பிடித்தார். "எட்டுப் பேருக்கும் கண்ணு..."

"சூப்பர் சார். ஒருத்தருக்குக்கூட கண்ணாடி எழுதலையே. நேத்து வந்தவர் உங்களையே மிஞ்சிட்டார், கண்ணை மூடிக்கிட்டே சொன்னார்னு ஜெபா மேடம் சிரிச்சாங்க. சர்டிபிகேட்டைக் கொடுத்தேன், தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு முழுசும் படிச்சுப் பாத்துட்டு, எல்லாம் கரெக்டா இருக்கும்மான்னு சொல்லிட்டுப் போனார். திருவேற்காடு ரூட் ஓட்டுறவராம்."

எழிலரசி ஃப்ரேமைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா, அது நான் போற பஸ்ஸுப்பா."