பிறகெப்பிடி டொக்டரும் அக்காவின் பம்பும்

காலை ஆறே கால். கொட்டாஞ்சேனை பஸ் தரிப்பிடத்தில் நானும் அக்காவும் முதலில் கண்டது, மின்கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்ற எங்கள் டொக்டரின் தொந்தியை. கம்பம் போதவில்லை.

மருந்து கொடுத்த பிறகு நோயாளியைத் துரத்திக்கொண்டு போன வைத்தியர், கொழும்பு முழுவதிலும் அவர் ஒருவர்தான். மருந்துக் கம்பனிக்காரர்கள் பரிசோதனை முடிவுகள் அச்சிட்ட பளபளப்பான தாள்களை நீட்டினால், "இதில இருக்கிறவை வடிவா நித்திரை கொள்ளுற ஆக்கள். என்ர ஆக்கள் செக்பொயின்றில நிக்கிற ஆக்கள். அவைக்கு வேலை செய்யுதோ?" என்பார். பிறகு தானே பார்க்கப் புறப்படுவார். மீன் சந்தையோ, கோயில் வீதியோ, கேள்வி ஒன்றுதான்: "மருந்து குடிச்சனீர். பிறகெப்பிடி?" அதுவே அவர் பெயராகிவிட்டது. ஒரு கல்யாணத்தில் தாலி கையில் இருந்த மாப்பிள்ளையிடம் வயிற்றுப்போக்கு பற்றி விசாரித்தார். மாப்பிள்ளை மரியாதையாகப் பதிலும் சொன்னார்.

போர்க்காலம். அக்கா வெள்ளவத்தையில் ஆசிரியை, ஆஸ்துமாக்காரி. டொக்டர் புதிதாக வந்த, வாயில் வைத்து மருந்தை உள்ளிழுக்கும் பம்ப் ஒன்றைக் கொடுத்திருந்தார். மற்ற ஊர்களில் எல்லோரும் புகழ்ந்த மருந்து, எங்களிடம் மட்டும் பலிக்கவில்லை. அக்கா வகுப்பிலேயே இரண்டு தரம் விழுந்துவிட்டாள். இன்னொரு தரம் விழுந்தால் வர வேண்டாம் என்று அதிபர் சொல்லியிருந்தார்.

பஸ்ஸில் டொக்டரும் ஏறினார்.

"எங்க டொக்டர், இந்த நேரம்?" என்று அக்கா கேட்டாள்.

"சும்மா. நீர் என்னைப் பாராதேயும்."

வழியில் சோதனைச்சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். புழுதியில் அக்காவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. டொக்டர் பாய்ந்து வந்தார்.

"பம்பை எடும், பிள்ளை!"

"வீட்டில, டொக்டர்."

"வீட்டிலயோ? வீட்டுக்கோ மருந்து தந்தனான்?"

"போன மாசம் பையைக் கொட்டி, இது என்ன சாமானெண்டு ஆமிக்காரர் மறிச்சு வைச்சவை. அதுக்குப் பிறகு கொண்டு வாறேல்லை."

லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்தவர்போல் டொக்டரின் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு பம்பை எடுத்து அக்காவின் வாயில் வைத்தார். "இழும்! இன்னொருக்கா!" சிப்பாய் ஒருவன் துவக்கோடு ஓடி வந்தான். "பெஹெத், மல்லி, பெஹெத்!" என்று, 'மருந்து, தம்பி' என்பதைச் சிங்களத்தில் கத்திவிட்டு, வரிசைப் பக்கம் திரும்பினார்.

"ஆருக்கெல்லாம் முட்டு வருத்தம், ஆஸ்துமா? கையைத் தூக்குங்கோ!"

பக்கத்தில் துவக்கு நின்றதால் முழு வரிசையும் இரண்டு கைகளையும் தூக்கியது.

"வருத்தக்காரர் மட்டும்!"

நாலு பேர் மிஞ்சினார்கள். நாலு பேரின் பம்பும் வீட்டில்.

"மருந்து வேலை செய்யுது!" டொக்டர் துள்ளினார். "அலுமாரிக்குள்ள இருந்து வேலை செய்யேலாது, அவ்வளவுதான்!"

சிப்பாய் சிரித்துவிட்டான். தன் தாய்க்கும் இந்த வருத்தம் இருக்கிறது என்றான். உடனே டொக்டர் அவனுடைய ஊரையும் வீட்டுக்குப் போகும் பாதையையும் விசாரிக்கத் தொடங்க, அவன் திடுக்கிட்டுப் பின்வாங்கினான். போகுமுன் அந்தப் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தானே அக்காவின் பைக்குள் வைத்தான்.

அக்கா பள்ளிக்குப் போனாள், வகுப்பும் எடுத்தாள். நானும் டொக்டரும் திரும்பினோம். டிஸ்பென்சரிப் படியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலில் அவர் மனைவி.

"உங்கட பம்ப் எங்க?"

டொக்டருக்கும் ஆஸ்துமா இருந்தது.