ஏழு மூட்டை இழுத்த நாய்

களம்பூர் ரைஸ் மில்லை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு ஆரணி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சட்டையும், அட்டை கிழிந்த ஒரு நாவலும். வேலை இல்லை. அதைச் சற்று முன்னால்தான் மேஸ்திரியிடம் உதறிவிட்டு வந்திருந்தேன். “இனிமே நான் ஆரணிப் பட்டுக் கடையில இருப்பேன், வூட்ல விசேஷம்னா வாங்க, பாத்துப் போட்டுக் குடுக்கறேன்” என்று வேறு சொல்லியிருந்தேன். (அந்தக் கடையில் எனக்கு இன்னும் யாரும் வேலை கொடுத்திருக்கவில்லை.) மில் வாசலிலேயே பஸ் நிற்கும். ஆனால் அப்படி ஒரு வசனம் பேசிவிட்டு, அதே வாசலில் அவர் பார்க்க பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியுமா? அதனால்தான் நடந்தேன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு பெங்களூரில் ஓட்டல், திருப்பூரில் சாயப் பட்டறை, போர்வெல் போடும் லாரி என்று சுற்றி, களம்பூரில் மூட்டை தூக்க வந்து சேர்ந்திருந்தேன். எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தாண்டியதில்லை. புத்தகம் மட்டும் எங்கே கிடைத்தாலும் படிப்பேன். அந்த நாவல் டீக்கடையில் வடை மடிக்க வைத்திருந்த பழைய காகிதக் கட்டிலிருந்து வந்தது. வெள்ளைக்காரர் எவரோ நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியதன் தமிழாக்கம். சொகுசாக வளர்ந்த ஒரு நாயைத் திருடி, பனி உறைந்த தேசத்துக்கு விற்றுவிடுகிறார்கள். அங்கே அது வண்டி இழுக்கிறது, கை மாறுகிறது, அடி வாங்குகிறது, கடைசியில் காட்டுக்குள் போய் ஓநாய்களோடு சேர்ந்துவிடுகிறது.

சாப்பாட்டு நேரத்தில் மில்லில் இதைச் சத்தமாகப் படிப்பேன். கோவிந்தண்ணன், ஏழுமலை, இன்னும் நாலைந்து பேர் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார்கள். கதையில் பந்தயம் வைத்து நாய் பெரிய பாரம் இழுக்கிற இடம் வந்தது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாரம் கிட்டத்தட்ட ஐந்நூறு கிலோ என்று படித்தேன். கோவிந்தண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டார். மூட்டை எழுபத்தைந்து கிலோ.

“ஏழு மூட்டகூட முழுசா வரல. இதுக்காடா அத்தினி பேரு கைதட்டினாங்க?”

எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலை, தான் கைவண்டியில் பத்து இழுத்ததாகவும் தனக்கு ஒரு டீகூட யாரும் வாங்கித் தரவில்லை என்றும் சொன்னான். எனக்கு அந்த நாயின் மானம் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. தப்பாகப் படித்துவிட்டேன் என்று சொல்லி, அறுபது மூட்டையாக்கினேன். சிரிப்பு நின்றது. “அப்படிச் சொல்லு” என்றார் கோவிந்தண்ணன்.

முடிவும் அவர்களுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். கடைசி அத்தியாயத்துக்கு வருவதற்கு முந்தின நாளே கோவிந்தண்ணன், “பாவம் அது. எதுனா ஒண்ணாவது வூடு போய்ச் சேரட்டும்” என்று சொல்லிவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்த யாருமே சொந்த ஊரில் இல்லை. மறுநாள் புத்தகத்தை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அதில் இல்லாத மூன்று பக்கங்களைப் படித்தேன். நாய் மலை, ஆறு எல்லாம் தாண்டிப் பழைய வீட்டு வாசலில் வந்து நின்றது. வீட்டுக்காரம்மா சோறு வைத்தாள். ஏழுமலை மூக்கைச் சிந்தினான்.

இந்தச் சமயத்தில்தான் அரிசி வாங்க மில்லுக்கு வந்த சாந்தகுமார் அய்யா என் கையில் புத்தகத்தைப் பார்த்தார். ஆரணியில் பட்டுக் கடை வைத்திருப்பவர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடை மாடியில் வாசகர் வட்டம் நடத்துகிறவர். கல்லூரியில் படித்தபோது அந்த நாவலை இங்கிலீஷில் படித்ததாகச் சொன்னார். “ஞாயித்துக்கெழம வந்து இதப்பத்திப் பேசு. பேச்சு எப்படின்னு பாக்கறேன். கடைக்கு ஒரு ஆளு தேவப்படுது” என்றார். பார்க்கிறேன் என்று அவர் சொன்னதை, கிடைத்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். (அந்த வயதில் எனக்கு எல்லா வார்த்தையும் அப்படித்தான் கேட்கும்.)

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வேலையை உதறிவிட்டு, பாதி தூரம் நடந்திருப்பேன். பின்னால் ஒரு மொபெட் வந்து நின்றது. கோவிந்தண்ணன் ஓட்ட, ஏழுமலை பின்னால்.

“ஏறு. நம்ம கதய நீ பேசப்போற, நாங்க வராம எப்படி?”

மூன்று பேராக ஆரணி போய்ச் சேர்ந்தோம். எனக்கு விஷயம் உறைத்தது இறங்கிய பிறகுதான். மாடியில் ஒரு பக்கம் உண்மையான கதையைப் படித்த சாந்தகுமார் அய்யா. இன்னொரு பக்கம், முதல் வரிசையில், குளித்துத் திருநீறு பூசி, என் கதையைக் கேட்ட இரண்டு பேர். நடுவில் முப்பது நெசவாளர்கள். ஒருவரும் புத்தகத்தைப் படித்திருக்கவில்லை. ஊரில் இருந்த ஒரே பிரதி என் பையில் இருந்தது.

ஆரம்பம் நன்றாகத்தான் போனது. நாய் திருடு போன இடத்தில் ஒரு அம்மா, திருடினவனைப் போலீஸ் பிடித்ததா இல்லையா என்று கேட்டார். பனியைப் பற்றிச் சொன்னபோது ஒரு பெரியவர், அந்த ஊரில் தறிக்கு நூலை நீட்டிக் கட்டித் தெருவில் பாவு ஓட முடியாதே, ஈரத்தில் இழையெல்லாம் ஒட்டிக்கொள்ளுமே என்று கவலைப்பட்டார். அதைப் பற்றியே கொஞ்ச நேரம் பேச்சு நடந்தது. நான் சாந்தகுமார் அய்யாவின் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். வேலை கிடைத்த மாதிரிதான்.

பந்தயம் வந்தது. “நாய் பெரும் பாரத்தை இழுத்தது” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தாண்டப் பார்த்தேன்.

“எத்தினி மூட்டன்னு சொல்லு” என்றார் கோவிந்தண்ணன்.

“நிறைய மூட்டைண்ணே.”

“அறுபதுன்னு சொல்லுப்பா. ஏன் கூச்சப்படற?”

சாந்தகுமார் அய்யா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் படித்ததில் அரை டன்கூட இல்லையே என்று மெதுவாகச் சொன்னார். கோவிந்தண்ணன் எழுந்தார். இந்தப் பையன் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது பக்கத்தில் இருந்தது தாங்கள்தான் என்றும், அய்யா படித்தது வேறு நாயாக இருக்கலாம் என்றும் மரியாதையாகச் சொன்னார். ஏழுமலை அதோடு விடவில்லை. நாய் கடைசியில் வீட்டுக்கு வருகிற காட்சியைச் சபைக்கே நடித்துக் காட்டினான். வீட்டுக்காரம்மா சோறு வைப்பதுவரை. பெண்கள் பக்கம் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

“அது வீட்டுக்கே வரல. காட்டுக்குத்தான் போகுது” என்றார் அய்யா.

மாடி இரண்டாகப் பிரிந்தது. வளர்த்த வீட்டுக்கு வராத நாய் என்ன நாய் என்றது ஒரு கட்சி. திருடு போனபோது தேடாத வீட்டுக்கு எதற்குப் போகவேண்டும் என்றது இன்னொரு கட்சி. டீ ஆறிப்போனது. கடைசியில் யாரோ புத்தகத்தைக் கேட்டார்கள். பாவு நூலைப் பற்றிக் கவலைப்பட்ட பெரியவர் அதை வாங்கி, கடைசிப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார். ஓநாய்கள் ஓடின. நாயும் கூடவே ஓடியது. வீடு வரவில்லை. சோறும் வரவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வடைத் தட்டைப் பார்த்தேன்.

கூட்டம் கலைந்ததும் அய்யா என்னைக் கடைக்குள் கூப்பிட்டார். கோபமாக இருந்திருந்தால் தேவலை. வருத்தமாக இருந்தார்.

“நல்லா பேசற தம்பி. ஆனா கலியாணத்துக்குப் பொடவ எடுக்க வர்றவங்க, ஜரிகை அசலா கலப்பான்னு கேப்பாங்க. ஏழு மூட்டைய அறுபதாக்கினவன் அவங்ககிட்ட என்ன சொல்லுவ?”

வேலை இல்லை என்பது புரிந்து, பையைத் தோளில் போட்டேன். இனி நான் எதைச் சொன்னாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

கீழே மொபெட் பக்கத்தில் கோவிந்தண்ணன் நின்றிருந்தார். ஏழுமலை என்னோடு பேசவில்லை. (ஒரு வருஷம் பேசவில்லை.)

“அப்ப அது வூட்டுக்குப் போவவே இல்லியா?”

“இல்லண்ணே.”

வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார். “நீயாவது வா. மேஸ்திரிகிட்ட நான் பேசிக்கறேன்.”

போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் அந்த வசனத்தைப் பேசிய வாசலில் மறுபடி போய் நிற்க மனசு வரவில்லை. அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வாழ்க்கையில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டது. பின்னாளில் கோவிந்தண்ணனே எனக்குப் பெண் பார்த்தார். பெண் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிட்டார். இன்றைக்கும் நான் மழை எவ்வளவு பெய்தது என்றோ, கூட்டம் எவ்வளவு இருந்தது என்றோ ஆரம்பித்தால் என் மனைவி, “இது களம்பூர்க் கணக்கா, ஆரணிக் கணக்கா?” என்று கேட்கிறாள். இப்போது பிள்ளைகளும்.

அன்று ராத்திரி பஸ் ஸ்டாண்டில் படுக்கலாம் என்று போனபோது, வாசகர் வட்டத்தில் பின்வரிசையில் இருந்த கரீம் பாய் தோளைத் தொட்டார். ஜரிகைக்காகப் பழைய பட்டுப் புடவை வாங்க ஊர் ஊராக வேன் ஓட்டுகிறவர். கூவிக் கூவித் தொண்டை போய்விட்டது என்றார்.

“உன் வாயி கடைக்கு ஒதவாது. ரோட்டுக்கு ஒதவும். காலைல ஜல்தியா வந்துடு.”

விடிந்ததும் பெரணமல்லூர்த் தெருவில் வேன் மெதுவாக ஊர்ந்தது. பாய் மைக்கை என் கையில் கொடுத்து, என்ன விலை சொல்லவேண்டும் என்று காதில் சொன்னார். ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் அதை அப்படியே சொன்னேன். தெருவில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

பாய் என்னைத் திரும்பிப் பார்த்தார். “இன்னாபா, நேத்து நல்லாதானே பேசின?”